மதிப்பீட்டுத் தாள்

டாலினிலிருந்து பேருந்து, பிறகு ஃபெர்ரி,
பிறகு ஒரு முட்டை வியாபாரியின் வண்டி.
இறந்துபோன மந்திரவாதிகளின் கோல்களுக்கு
விலை சொல்வது என் வேலை.
உரிமம் இருக்கிறது, முத்திரையோடு.

கோலைக் காட்டு, ஆளைச் சொல்கிறேன்
என்று விருந்துகளில் பீற்றிக்கொள்வேன்.
பொய்யில்லை.
நார்வாவில் ஒரு நீதிபதியின் கோல்:
வெள்ளிப் பூணைக் கழற்றினால்
உள்ளே நெடுக விரிசல்.
ஒரு பல் மருத்துவரின் கோலோ
அவர் செத்து மூன்று மாதமாகியும்
யார் பக்கத்தில் போனாலும்
மன்னிப்புக் கேட்பதுபோல் நடுங்கியது.

சாரேமா தீவில் காற்று ஓய்வதில்லை.
ஹிந்த்ரெக் கூஸ்க் அங்கே காற்றுக்காரர்.
கடலுக்குப் போகிறவர்கள்
அவர் வீட்டைத் தாண்டும்போது
தொப்பியைக் கழற்றுவார்களாம்,
அது எப்படியும் பறக்கத்தான் போகிறது என்றாலும்.

தங்கை மைதா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
"ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், எடுத்துக்கொள்."
எடுத்தேன்.
ஜன்னல் டமாரென்று விழுந்தது.

ஜூனிப்பர் மரம். ஒரு சாண், ஏழு விரல்.
நேராக இல்லை. எழுதினேன்:
அடியில் பல் தடம், ஆகவே முன்கோபி.
நடுவில் தீக்காயம், அவசரக்காரர்.
பிடியைச் சுற்றி மீன்வலை நூல்,
புதிது வாங்க மனம் வராதவர்.

உரக்க வாசித்தேன் போலிருக்கிறது.
மைதா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்.
"பல் எங்கள் நாயுடையது.
தீக்காயம் நான் வைத்தது, விலாங்கைப் புரட்டும்போது.
நூலும் நான் கட்டியதுதான்."

அப்படியானால் இதில் அவர் எங்கே?

"பிரித்துப் பார்."

கட்டைவிரலுக்கு ஒரு குழி.
மற்ற நான்குக்கும் நான்கு,
பழைய படிக்கட்டு தேய்வதுபோல் தேய்ந்து,
ஓரிடத்தில் நார் பிளந்து.
எத்தனை மந்திரம் போட்டிருப்பார் மனிதர்
என்று நுனியைத் திருப்பினேன்.

நுனியில் பட்டைகூட உரியவில்லை.

நூறு முறை நீட்டினால் நுனி கருக்கும்.
ஆயிரம் முறையில் கண்ணாடியாகும்.
இது நேற்று வெட்டிய கிளை.
கோலெடுத்தவன் அதை
நீட்டித்தான் தீரவேண்டும் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் மறுபடி கத்தியை எடுத்தார்.
"அன்று ராத்திரி பதினொரு படகு வெளியே.
வடக்கே ஏழு, தெற்கே நான்கு.
இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் போய் விழும்.
காற்றென்ன, கரைந்தா போகும்?
விடியும்வரை கரையில் நின்றான்,
இதைப் பிடித்துக்கொண்டு.
தெற்கே நான்கில் ஒன்று பிரீதுவுடையது.
என் வீட்டுக்காரர்."

தோல் அறுபடாமல் நீளமாய் இறங்கியது.

"பத்து வந்தன."

கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்:
நூலை எப்போது கட்டினீர்கள்?

"அந்த வாரமே.
அவன் கையெல்லாம் சிராய் ஏறியிருந்தது.
ஏழு வருடம் பேசவில்லை அவனோடு.
கட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

விலை என்ற கட்டத்தில்
பேனா ஒரு புள்ளி வைத்தது, மை பரவியது.
நூலைத் திரும்பச் சுற்ற எனக்கு வரவில்லை.
அவரே சுற்றினார், கையைப் பார்க்காமல்,
கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து.
பிறகு ஜன்னலைத் தூக்கி
முட்டுக் கொடுத்தார்.
என் தாள் மேசையிலிருந்து பறந்து
உருளைத் தோல்களின் மேல் விழுந்தது.

நாலு இருபது ஃபெர்ரி.
மேல்தளத்தில் உட்கார்ந்து
என் கோலை உறையிலிருந்து எடுத்தேன்.
பிர்ச் மரம். இருபத்திரண்டு வருடம்.
ஒரு கீறல் இல்லை.
எங்கே பிடிப்பேன் என்று தடவிப் பார்த்தேன்.
மரத்துக்கு ஞாபகமில்லை.

எதிரில் குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்து பார்த்து,
"இன்னொரு ஊசி எங்கே?" என்றாள்.

வீட்டில், என்றேன்.